ப்ரீஆம்ப் இதயம் அல்ல

வீட்டில் நல்ல முறையில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு, கையில் கொஞ்சம் பணத்தோடு யோசனை கேட்கப் போகிறவருக்கு ஒரு வாக்கியம் தவறாமல் சொல்லப்படுகிறது: ஸ்டீரியோ அமைப்பின் இதயம் ப்ரீஆம்ப், அதாவது பாட்டு வரும் கருவிக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் நிற்கும் பெட்டி. பவர் ஆம்ப் வெறும் தசை, ஸ்பீக்கர் வெறும் வாய், பாட்டின் உயிர் இருப்பது ப்ரீஆம்பில். அதில் மட்டும் கையைச் சுருக்காதே. இதன் கூடவே இன்னொன்றும் வரும். எந்த ப்ரீஆம்ப் எந்தப் பவர் ஆம்போடு சேரும் என்று எண்களை வைத்துச் சொல்ல முடியாதாம். பல ஆண்டுகள் காது பழகியவருக்குத்தான் அது பிடிபடுமாம். ஒன்றை வாங்கி, கேட்டு, மனசுக்கு ஒட்டவில்லை என்றால் நஷ்டத்துக்கு விற்று, அடுத்ததை வாங்கிப் பார்ப்பதுதான் வழியாம்.

இரண்டையும் மறுக்கிறேன். முதலாவது ஒரு காலத்தில் உண்மையாக இருந்து, இப்போது காலாவதியான கருத்து. இரண்டாவது எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இசைக்கென்று ஒதுக்குகிறவரின் பணம் இந்த இரண்டு நம்பிக்கைகளால் தவறான இடத்துக்குப் போகிறது; அவர் கேட்க நினைத்த பாட்டு அவருக்குக் கேட்காமலே போகிறது. அதுதான் எனக்குக் கோபம்.

இதயம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கலாம். இசைத்தட்டில் பள்ளம் வெட்டும்போது பேஸ் ஒலியைக் குறைத்தும் ட்ரெபிள் ஒலியை உயர்த்தியும் வெட்டுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பேஸ் ஒலி பள்ளத்தை அகலமாக ஆட்டிப் பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும்; ட்ரெபிள் ஒலி ஊசியின் உரசல் சத்தத்தில் மூழ்கிவிடும். கேட்கும்போது இந்த மாற்றத்தை நேர் எதிராகத் திருப்பியாக வேண்டும். 1950களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம்போன அளவில் வெட்டியதால், ஒரு கம்பெனித் தட்டுக்குச் சரியாக இருந்த திருத்தம் இன்னொரு கம்பெனித் தட்டைக் கெடுத்தது. நியூயார்க்கில் இருந்த சால் மராண்ட்ஸ் இந்தத் தொல்லை பொறுக்காமல் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்துகொண்ட ஆடியோ கன்சோலெட் என்ற கருவிதான் மராண்ட்ஸ் நிறுவனத்தின் தொடக்கம். தட்டுக்குத் தக்கபடி திருத்தத்தை மாற்றுவதற்கென்றே பிறந்த ப்ரீஆம்ப் அது. 1954இல் ஆர்ஐஏஏ வளைவு என்ற ஒரே திருத்த அளவு வந்து எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானது.

அந்த வளைவும் லேசுப்பட்டதல்ல. 1000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்துக்கொண்டால், 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபெல் ஏற்ற வேண்டும். 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் இறக்க வேண்டும். ஊசியிலிருந்து வருவதோ, மூவிங் மேக்னட் வகை என்றால் 3 முதல் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் என்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூடத் தேறாது. இதை நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். கூடவே இரைச்சல் பெருகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வு காலத்தில் இது கடுமையான பொறியியல் வேலை. 1958இல் வந்த மராண்ட்ஸ் 7 இதை ஆறு வால்வுகளைக் கொண்டு செய்து பெயர் வாங்கியது. அந்த நாளில் ப்ரீஆம்பை இதயம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை.

1982இல் சிடி வந்ததும் நிலைமை தலைகீழானது. சிடி பிளேயரின் உச்ச வெளியீடு 2 வோல்ட். ஊசி தந்த 5 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் 400 மடங்கு. திருத்த வேண்டிய வளைவும் இல்லை. இன்று நாம் வாங்கும் டிஜிட்டல் பெட்டிகள், ஸ்ட்ரீமர்கள் எல்லாம் அதே 2 வோல்ட்டை ஒட்டியே தருகின்றன. எக்ஸ்எல்ஆர் என்ற சமநிலை இணைப்பு வழியாகக் கொடுத்தால் பல கருவிகளில் 4 வோல்ட்.

மறுமுனையில் பவர் ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பெருக்கம் 26 டெசிபெல், அதாவது 20 மடங்கு. 2 வோல்ட் உள்ளே போனால் 40 வோல்ட் வெளியே வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 200 வாட். ஆக, 100 வாட் ஆம்பை அதன் எல்லை தாண்டி ஓட்டுவதற்கு சிடி பிளேயர் ஒன்றே போதும், இடையில் யாரும் உதவ வேண்டியதில்லை. வீட்டில் நமக்கு அவ்வளவும் தேவைப்படுவதில்லை. 87 டெசிபெல் உணர்திறனுள்ள ஒரு ஸ்பீக்கர் 10 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபெல் தரும். பாட்டின் உச்சத்துக்கு அது தாராளம். அந்த 10 வாட்டுக்கு ஆம்பின் வாசலில் 0.45 வோல்ட் இருந்தால் போதும். வருவது 2 வோல்ட். எனவே இன்றைய ப்ரீஆம்பின் அன்றாட வேலை பெருக்குவது இல்லை, குறைப்பது. பல லட்சம் விலையுள்ள ப்ரீஆம்ப் சிக்னலைப் பத்து மடங்கு பெருக்கி வைக்கிறது. வீட்டுக்காரர் வால்யூமைத் திருகி அதையும் அதற்கு மேலும் கழித்துவிடுகிறார்.

ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பில் உலகறிந்த நெல்சன் பாஸ் 2008இல் பி1 என்ற ஒரு சுற்றை எல்லோரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். அதில் வோல்டேஜ் பெருக்கமே கிடையாது. மூலத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்விட்ச், ஒரு வால்யூம், சிக்னல் சோர்ந்துவிடாமல் தாங்கிப்பிடிக்க ஒரு பஃபர், அவ்வளவே. ஆம்ப்ளிஃபயர் விற்றுப் பிழைக்கும் ஒருவரே இதைச் செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

இனி பொருத்தம். இதைத்தான் காதுக்கு மட்டுமே பிடிபடும் ரகசியம் என்கிறார்கள். நான் பார்த்த வரையில் ‘இது அதோடு சேரவில்லை’ என்ற புகாரின் பின்னால் ஒவ்வொரு முறையும் ஓர் எண் இருக்கிறது.

முதல் எண் மின்மறுப்பு, கடைக்காரர் பேச்சில் இம்பீடன்ஸ். சிக்னல் கொடுக்கும் கருவியின் வெளியீட்டு மின்மறுப்பைப் போல வாங்கும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு பத்து மடங்காவது இருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பின் வெளியீடு பெரும்பாலும் சில நூறு ஓம். பவர் ஆம்பின் உள்ளீடு 10,000 ஓம் முதல் 100,000 ஓம் வரை. இங்கே சிக்கலே கிடையாது. வால்வு ப்ரீஆம்ப் என்றால் சற்று நிதானிக்க வேண்டும். அதன் வெளியீட்டு வாசலில் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது 0.47 மைக்ரோஃபேரட் என்று வையுங்கள். எதிரே உள்ள பவர் ஆம்பின் உள்ளீடு 100,000 ஓம் என்றால் பேஸ் ஒலி 3.4 ஹெர்ட்ஸில்தான் சரியத் தொடங்கும், யாருக்கும் தெரியாது. அதே ப்ரீஆம்பை 10,000 ஓம் உள்ளீடுள்ள பவர் ஆம்பில் செருகினால் சரிவு 34 ஹெர்ட்ஸுக்கு ஏறி வந்துவிடும். தவிலின் அடியும் பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பியும் இளைத்துப்போகும். ‘இந்த வால்வு ப்ரீஆம்ப் அந்த ஆம்போடு சேராது, பேஸ் மெலிகிறது’ என்று சொல்பவர் கேட்டது முற்றிலும் உண்மை. அதைக் கண்டுபிடிக்க அவர் இரண்டு லட்சம் செலவழித்திருக்க வேண்டியதில்லை, ஒரு பெருக்கல் கணக்கு போதும். பரிகாரமும் ஒரு பெரிய கப்பாசிட்டர்தான்.

வால்யூம் கன்ட்ரோலை மட்டும் ஒரு பெட்டியில் வைத்து, மின்சாரமே இல்லாமல் ஓட்டும் பாசிவ் ப்ரீஆம்ப் உண்டு. இதைப் பற்றிச் சண்டையே நடக்கும். ஒருவர் இதைவிடத் தெளிவு வேறெதிலும் இல்லை என்பார், இன்னொருவர் ட்ரெபிள் செத்துவிட்டது என்பார். இருவருமே சரி, இருவர் வீட்டு எண்கள் வேறு. 10,000 ஓம் வால்யூம் கன்ட்ரோலின் வெளியீட்டு மின்மறுப்பு உச்சபட்சமாக 2,500 ஓம். அரை மீட்டர், ஒரு மீட்டர் கேபிள் போட்டால் நம் காது எட்டும் எல்லைக்குள் எந்த இழப்பும் இல்லை. 50,000 ஓம் கன்ட்ரோல் என்றால் உச்சம் 12,500 ஓம். பத்து மீட்டர் கேபிள் இழுத்து, அதன் கொள்ளளவு 1000 பிகோஃபேரட் ஆகிவிட்டால், சரிவு 12,700 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடும். ஜால்ராவின் பளிச்சும் வயலின் வில்லின் உரசலும் மங்குவதற்கு இது போதும். பாசிவ் ப்ரீஆம்புக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்ற விவாதத்துக்கு இங்கே இடமே இல்லை.

அடுத்தது பெருக்கத்தின் அளவு. 1975இல் வந்த க்வாட் 405 என்ற புகழ்பெற்ற பவர் ஆம்புக்கு முழுத் திறனான 100 வாட்டைத் தர 0.5 வோல்ட் போதும். அந்தக் காலத்து ட்யூனரும் டேப் டெக்கும் தந்த மெல்லிய சிக்னலுக்கு அது பொருத்தம். இன்றைய 2 வோல்ட் கருவியை அதன் முன்னால் வைத்து, இடையில் பத்து மடங்கு பெருக்கும் ப்ரீஆம்பையும் நுழைத்தால், வால்யூம் குமிழ் தொடக்கத்தைத் தாண்டி நகரவே முடியாது. அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இரட்டைக் கார்பன் கன்ட்ரோல்கள் மோசமாக நடந்துகொள்ளும்: இடமும் வலமும் சமமாக இறங்காது, பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்குவார், ப்ரீஆம்பின் இரைச்சல் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். இதையும் சேராமை என்று பெயரிட்டு ப்ரீஆம்பை மாற்றுகிறார்கள். பவர் ஆம்பின் வாசலில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர் வைத்து 12 டெசிபெல் குறைத்தால் தீர்ந்தது. அதே நெல்சன் பாஸின் ஃபர்ஸ்ட் வாட் எஃப்4 என்ற பவர் ஆம்ப் இதற்கு நேர் எதிர். அதில் வோல்டேஜ் பெருக்கமே இல்லை. 25 வாட் வேண்டுமென்றால் 14 வோல்ட்டை நாம் உள்ளே தர வேண்டும். அங்கே பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லாமல் காரியம் நடக்காது. இரண்டு ஆம்புகளையும் ஒரே ப்ரீஆம்பில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பவருக்கு எல்லாமே மர்மமாகத்தான் தெரியும்.

நம் ஊர்களில் 4440 ஐசி போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து கொடுத்த மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்திருந்தது. கேசட் ஹெட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஹெட் ப்ரீஆம்ப் போர்டு போடுவார்கள்; எஃப்எம் ரேடியோவை அதில் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் கிழியும் என்று தெரியும். ‘உள்ளே என்ன கொடுக்கப் போறீங்க?’ என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. குளிரூட்டிய ஷோரூமில் இந்தக் கேள்வியைக் கேட்கக் காணோம்.

‘நான் என் காதால் கேட்டேன்’ என்பது இதற்கெல்லாம் வரும் பதில். அவர் வித்தியாசம் கேட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. எதனுடைய வித்தியாசத்தைக் கேட்டார் என்பதே கேள்வி. இரண்டு ப்ரீஆம்புகளை மாற்றும்போது ஒன்று அரை டெசிபெல் உரக்க ஒலித்தாலும் காது அதை உரப்பு என்று உணராது. தெளிவு, நெருக்கம், நிறைவான பேஸ் என்று உணரும். ஒலி கூடக்கூட பேஸை நம் காது அதிகம் உணரும் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே இரண்டு கருவிகளின் அளவையும் வோல்ட் மீட்டர் வைத்து, 0.1 டெசிபெல் வித்தியாசத்துக்குள் சமப்படுத்த வேண்டும். எது ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. பட்டுப்புடவை எடுக்கப் போனால் கடை விளக்கில் பார்த்த நிறத்தை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கிறோமே, காதுக்கான அந்தப் பகல் வெளிச்சம் இதுதான். காதை அவமதிக்கும் சோதனை என்று இதைச் சொல்கிறார்கள். காதை மட்டுமே நம்பும் ஒரே சோதனை இது. மற்றவற்றில் கண்ணும் விலைச்சீட்டும் சேர்ந்து ஓட்டுப் போடுகின்றன.

இப்படிச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 1978இல் ஒலியியல் பொறியாளர் ஜேம்ஸ் மொய்ர் க்வாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறை ஆம்புகளை, ஒரு வால்வு, இரண்டு டிரான்சிஸ்டர், அனுபவமுள்ள குழுவுக்கு இப்படிக் கேட்கவைத்தார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை, சில நூறு டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப் வரை ஆறு கருவிகளை, எது ஓடுகிறது என்று தெரியாமல் மாற்றிக் கேட்கவைக்கும் ஏபிஎக்ஸ் ஸ்விட்ச் வைத்து ஒப்பிட்டது. நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் கலந்து உட்கார்ந்து கேட்டார்கள். முடிவு நாணயம் சுண்டியதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இவை பவர் ஆம்புகள், ப்ரீஆம்புகள் அல்லவே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஏறி இறங்கும் மின்மறுப்புள்ள ஸ்பீக்கரை நேரடியாக ஓட்டும் கடினமான வேலை பவர் ஆம்புடையது. ப்ரீஆம்ப் ஓட்டுவது ஆடாமல் அசையாமல் நிற்கும் பத்தாயிரம் ஓம் சுமையை. கடினமான வேலையிலேயே வித்தியாசம் பிடிபடவில்லை என்றால், சுலபமான வேலையில் மலையளவு வித்தியாசம் இருக்கிறது என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

அளவீட்டுக்குள் சிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது கடைசிப் புகலிடம். அதற்கும் 1985இலேயே அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் பதில் சொல்லிவிட்டார். அவர் எதையும் பெயர் சொல்லி அளக்கவில்லை. ஸ்டீரியோஃபைல் பத்திரிகை ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்பின் வெளியீட்டிலிருந்து தன் டிரான்சிஸ்டர் ஆம்பின் வெளியீட்டைக் கழித்தார். மிச்சமாக எது நின்றதோ அதுதான் இரண்டுக்கும் உள்ள முழு வித்தியாசம். பெயர் உள்ளதும் பெயரில்லாததும் அதற்குள் அடக்கம். அந்த மிச்சம் 70 டெசிபெல் கீழே, ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை தன் ஆம்பைத் திருத்தினார். பிறகு அந்த ஆசிரியர்களாலேயே இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. இசைக்கு ஓர் ஆன்மா உண்டு என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அது கம்பி வழியாக வந்தால் வோல்டேஜாகத்தான் வர வேண்டும். கழித்தால் மிச்சத்தில் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1970களின் இறுதியில் வந்த என்இ5532 என்ற சின்ன ஐசி பல பத்தாண்டுகள் ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்ஸிங் மேசைகளை நிறைத்திருந்தது. மைக்கிலிருந்து மாஸ்டர் டேப் வரை ஒரு பாடகியின் குரல் இந்த மாதிரி ஐசிகள் எத்தனையோ தாண்டி வந்திருக்கிறது. அத்தனையிலும் சாகாத குரல், நம் வீட்டு ப்ரீஆம்பில் இருக்கும் அதே ஐசியில் வந்து செத்துவிடும் என்று சொல்வது எப்படி நியாயம்?

வால்வுக்குத் தனிச் சுவை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில வால்வு ப்ரீஆம்புகள் இரண்டாம் ஹார்மானிக்கைக் கொஞ்சம் சேர்க்கும். அது காதுக்கு இதமாகவே இருக்கும். பிடித்திருந்தால் வாங்குங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் பதிவில் இல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். உண்மையை வெளிக்கொண்டுவருகிறது என்று விற்பதைத்தான் ஏற்க முடியாது. வால்வு விஷயத்தில் பொருத்தம் நிஜமாகவே பார்க்க வேண்டிய இடம் பவர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு வால்வு ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு 2 ஓம் என்று வையுங்கள். 8 ஓம் என்று அட்டையில் அச்சிட்ட ஸ்பீக்கர் ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3 டெசிபெல் ஏற்றத்தாழ்வு உண்டாகும். யாருக்கும் கேட்கும் அளவு அது. எத்தனை லட்சத்து ப்ரீஆம்பாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் அறையிலும் ஸ்பீக்கரிலும் இருக்கிறது. சாதாரண ப்ரீஆம்பின் ஏற்றத்தாழ்வு 0.1 டெசிபெல் அளவில் நின்றுவிடும். நல்ல ஸ்பீக்கருக்கே 3 டெசிபெல் கூடவும் குறையவும் இருக்கலாம். அறை பேஸ் ஒலியை 10 முதல் 20 டெசிபெல் வரை ஏற்றியும் இறக்கியும் விடும். இதை நம் வீட்டை வைத்தே பார்க்கலாம். நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அறை சர்வசாதாரணம், உயரமும் பத்தடி. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். பன்னிரண்டடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் நின்று அதிரும். பத்தடியில் 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் அந்த 56 ஹெர்ட்ஸ் இரண்டு திசைகளில் சேர்ந்து வீங்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் எப்படிப் பாட்டோடு பேசிக்கொண்டே போகும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். இந்த அறையில் அந்தப் பேச்சில் ஒரு சொல் மட்டும் கத்தலாக வரும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் 47 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள சுரங்கள் ஏறக்குறையக் காணாமல் போகும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அதுவே குமுறும்.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் படிக்கும் மதிப்புரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் எழுதப்படுகிறது. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் அதிகம். அந்தச் சுவர் பேஸ் ஒலிக்கு மெல்ல அசைந்து கொடுத்து, கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம்முடையது செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, கிரானைட் தரை. எதுவும் அசையாது, எதுவும் விழுங்காது. ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், ‘ட்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் திரும்பி வரும். அங்கே இருந்து ஒருவர் எழுதிய ‘இந்த ப்ரீஆம்பின் பேஸ் கட்டுக்கோப்பானது’ என்ற வரியை நம்பி இங்கே வாங்குகிறவர், அந்த எழுத்தாளரின் சுவரைச் சேர்த்து வாங்கவில்லை.

இதற்குச் செய்ய வேண்டியவை எல்லாம் மலிவானவை. நாற்காலியைச் சுவரிலிருந்தும் நட்டநடுவிலிருந்தும் விலக்கி வைப்பது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுப்பது. நான்கு அங்குல கனத்துக்குக் கண்ணாடிக் கம்பளியோ ராக்வூலோ அடைத்துத் துணி போர்த்திய பலகைகளைச் சுவரிலும் மூலைகளிலும் நிறுத்துவது. சுவரில் தொங்கும் மெல்லிய திரையும் தரையில் விரித்த ஜமக்காளமும் ட்ரெபிளை மட்டுமே தொடும், பேஸுக்கு உதவாது. ஓர் அளவீட்டு மைக்கும், காசில்லாமல் கிடைக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருளும் இருந்தால் அறையின் வீக்கங்களைக் கண்ணால் பார்க்கலாம். வீங்கிய இடத்தை ஈக்வலைசர் வைத்துக் குறைக்கலாம். பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. அதற்கு நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும்.

இந்த இடத்தில் பழைய ப்ரீஆம்புகளை மெச்சத் தோன்றுகிறது. 1952இல் பிரிட்டிஷ் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் வெளியிட்ட பேஸ்-ட்ரெபிள் சுற்று உலகெங்கும் பரவி, நம் தெருமுனை ஆம்ப்ளிஃபயர்கள் வரை வந்து சேர்ந்தது. மந்தமான பதிவைக் கொஞ்சம் தூக்கலாம், வீங்கும் அறையைக் கொஞ்சம் அடக்கலாம். தூய்மை என்ற பெயரில் விலையுயர்ந்த ப்ரீஆம்புகளிலிருந்து முதலில் கழற்றி வீசப்பட்டவை இந்தக் குமிழ்கள்தான். பாலன்ஸும் மோனோ ஸ்விட்ச்சும் பின்னாலேயே போயின. ப்ரீஆம்பால் கேட்பவருக்கு உருப்படியாகச் செய்யக்கூடிய வேலையை எடுத்துவிட்டு, விலையைப் பல மடங்கு ஏற்றி, அதற்கு இதயம் என்று பட்டம் கொடுத்தார்கள்.

ப்ரீஆம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இசைத்தட்டு கேட்பவருக்கு நல்ல ஃபோனோ ப்ரீஆம்ப் கட்டாயம் வேண்டும். அதில் பணம் போடுவது நியாயம். அங்கே அந்தப் பழைய இதயம் இன்னும் துடிக்கிறது. மூலக் கருவிகள் பல இருந்து மாற்றி மாற்றிக் கேட்பவருக்கும், பவர் ஆம்பை ஸ்பீக்கர் பக்கத்திலேயே வைத்து நீளமாகக் கேபிள் இழுப்பவருக்கும், எஃப்4 போன்ற ஆம்ப் வைத்திருப்பவருக்கும் அது தேவை. அப்போதும் வெளியீட்டு மின்மறுப்பு குறைவாக, இடமும் வலமும் குறைந்த வால்யூமிலும் சமமாக, பெருக்கம் அளவாக இருக்கும் எளிய கருவி ஒன்று போதும். ரிமோட் இருந்தால் நல்லது.

டிஜிட்டல் பாட்டு மட்டும் கேட்பவர் டிஜிட்டல் பெட்டியின் வால்யூமையே நம்பலாம். வால்யூமைக் குறைத்தால் பிட்டுகள் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நல்ல 24 பிட் கருவியின் இரைச்சல் 2 வோல்ட்டுக்கு 120 டெசிபெல் கீழே, அதாவது 2 மைக்ரோவோல்ட். பவர் ஆம்ப் அதை 20 மடங்காக்கினால் 40 மைக்ரோவோல்ட். 87 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டர் தூரத்தில் அது மனிதக் காதின் எல்லைக்கும் 10 டெசிபெல் கீழே போகும். ஓடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: பெட்டி தவறி முழு வால்யூமில் விழித்துக்கொண்டால் ஸ்பீக்கர் போய்விடும், அதனால் ஆம்பின் பெருக்கத்தை முன்னாலேயே குறைத்து வையுங்கள்.

ஆகவே கடைக்குப் போனால் நான்கு எண்களைக் கேளுங்கள்: மூலக் கருவியின் உச்ச வோல்டேஜ், ப்ரீஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு, பவர் ஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு, முழுத் திறனுக்கு அது கேட்கும் வோல்டேஜ். எழுத்தில் தர முடியாதவரிடம் வாங்காதீர்கள். எண்கள் பொருந்தினால் அங்கேயே நிறுத்திவிட்டு மிச்சப் பணத்தை ஸ்பீக்கருக்கும் அறைக்கும் கொடுங்கள். ப்ரீஆம்புக்கென்று சேர்த்த பணம் இப்போது கையில் இருக்கிறதென்றால் அதைத் தொடாதீர்கள். இன்று இரவு பேஸ் நன்றாக வரும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, நாற்காலியை ஓரடி, இரண்டடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள்.